நோவாவின் பேரப்பிள்ளைகள்

இந்தக் காலத்தில் கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், ஆளாளுக்கு உபதேசம். கேட்கிறவனுக்கு முதுகு வலிக்கிறதா என்று ஒருத்தனும் பார்ப்பதில்லை.

வளைகுடாவில் எங்கள் ஃபஹாஹீல் கேம்ப்பில் வெள்ளிக்கிழமையானால் ஞானதுரையின் அறையில் வேதப்பாடம். நான் அதற்கெல்லாம் போகிற ஆளில்லை. அன்றைக்குப் போனது என் மகன் அன்பரசனுக்காக.

ஊரில் அவனும் ஞானதுரையின் மகள் ஜோதிமணியும், கட்டினால் ஒருவரையொருவர்தான் என்று நிற்கிறார்கள். ஞானதுரை வீட்டார் மேலத்தெரு. நாங்கள் கீழத்தெரு. எந்த நேரம் என் பிள்ளையை வெட்டிப்போடுவார்களோ என்று டூட்டியில் எனக்குக் கை ஓடவில்லை.

அன்றைய பாடம் நோவாவின் பிள்ளைகள். வெள்ளம் வடிந்தபிறகு சேம், காம், யாப்பேத் என்று மூன்றே பேராம். உலகத்து ஜனமெல்லாம் அவர்கள் வழியாம். அரபி, சேமின் வம்சம். எங்கள் எகிப்துக்காரப் போர்மேன், காமின் வம்சம். வெள்ளைக்கார இன்ஜினியர், யாப்பேத்தின் வம்சம். இவன் அவனைப் பெற்றான், அவன் இவனைப் பெற்றான் என்று ஞானதுரை வாசித்துக்கொண்டே போனான்.

"அப்போ விசா குடுத்த அரபி மொதலாளி கஃபீலும் நமக்குப் பங்காளியா? சொத்துல பங்கு கேக்கலாம்லா?" என்றான் பாண்டித்துரை.

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"நம்ம ஊரு மேலத்தெருவும் கீழத்தெருவும் அதுல யாரு பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ஒரே தகப்பன் பிள்ளைங்கதாம்ணே. இதுல என்ன சந்தேகம்?"

"அப்போ உன் மகள என் மகனுக்குக் குடு."

ஞானதுரை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"குடுத்தாச்சுண்ணே" என்றான்.

கைதட்டினார்கள். பாண்டித்துரை என்னைக் கட்டிப்பிடித்தான். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

இங்கே யாருக்கும் தனித்தட்டு கிடையாது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து கை போடுவோம். கேம்ப்புக்கு வந்த நாளிலிருந்து நானும் ஞானதுரையும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

அவன் எழுந்துபோய்த் தனக்கென்று ஒரு தட்டு எடுத்துவந்தான்.

"வயிறு சரியில்லண்ணே" என்றான், தட்டு நிறையச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு.

நான் கை நனைக்காமல் எழுந்தேன். போன் கார்டு வாங்கக் கடையைப் பார்த்து நடந்தேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்பு என்று அன்பரசனிடம் சொல்லியாக வேண்டும்.

ஞானதுரை ஊருக்குப் போன் போடுவதற்குள்.