குக்கர் விசில் எங்கே?

“என் குக்கர் விசில் எங்கே?” வீடே அதிரக் கத்திக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள் சிற்பியின் மனைவி.

கையில் கிடைத்ததையெல்லாம் சிற்பமாக்கிவிடுவார் மனுஷன். போன மாதம் அவளுடைய கரண்டி கொக்குக்கு மூக்காகிவிட்டது. இந்த வாரம் வடிகட்டி, கத்தரிக்கோல், இப்போது விசில்!

“எந்தப் பேய்க்குக் கண்ணா வச்சுத் தொலைச்சீங்க?”

மூலையிலிருந்த சிலையை மூடிய ஈரத்துணியை வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே வெறும் களிமண். இடுப்பில் கை வைத்து, மூக்கு விடைக்க ஒருத்தி நின்றாள். சாட்சாத் அவளேதான்!

“உன் சாமான் எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு,” என்றார் சிற்பி. “கோவமா நில்லுன்னு சொன்னா நீ சிரிச்சுடறே. வேற என்ன பண்றது?”

அவள் பல்லை நறநறவென்று கடித்தாள்.

“ஆங், அப்படியே இரு! தாடைதான் இன்னும் சரியா வரல,” என்று களிமண்ணை அள்ளினார் அவர்.