ஐஸ் மேல் ஒரு காசு

"காசு மேல இருக்கா, அடியில இருக்கா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

போனில் மனைவியின் குரல் நடுங்கியது. வீட்டில் அவன் ஃப்ரீசரைத் திறந்தபடி நின்றான்.

ஏழே மாதத்தில் பிறந்த மகள் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். குழாய் வழியே பால் கொடுக்கலாம் என்று டாக்டர் இன்றைக்குத்தான் சம்மதித்திருந்தார். ஆனால் தாய்க்கோ நாலு நாளாகக் காய்ச்சல். அவளும் அங்கேயே படுக்கையில். சாப்பிடுகிற மாத்திரைகள் வீரியமானவை என்பதால் இப்போதைக்கு அவள் பால் ஆகாது. காய்ச்சலுக்கு முன்னால் எடுத்து வீட்டில் உறைய வைத்த ஆறு பைகள்தான் கதி.

"உருகி, திரும்ப உறைஞ்ச பாலா இருந்தா வேண்டவே வேண்டாம். இந்தப் பிஞ்சு வயிறு தாங்காது" என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

நேற்று அவர்கள் தெருவில் கரண்ட் போயிருந்தது. ஒரு மணி நேரம்தான் என்றார் எதிர்வீட்டுக்காரர். பொழுது சாயும்வரை வரவே இல்லை என்று சாதித்தார் மாடிவீட்டுக்காரர்.

அவன் மனைவி ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். வீட்டு ஃப்ரீசரிலும் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு காசை வைத்துவிடுவது அங்கே கற்றுக்கொண்ட வழக்கம். ஐஸ் உருகினால் காசு மூழ்கிவிடும். மறுபடி உறைந்தாலும் அடியிலேயே மாட்டிக்கொண்டு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"மேலதான் இருக்கு. நட்டநடுவுல, பளபளன்னு" என்றான் அவன்.

அவள் அழுதேவிட்டாள். "உடனே கொண்டு வாங்க. மனுஷங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க, காசு பொய் சொல்லாது."

அரைமணியில் பால் வந்து சேர்ந்தது. நர்ஸ் ஒரு பையை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கினாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவனும், படுக்கையிலிருந்து எழுந்து வந்த அவளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் மாற்றுத்துணிப் பையோடு நாத்தனார் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்தே நாத்தனாருக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆளில்லாமல்தான் சாவியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். எதையும் இடம் மாற்றாமல் இருந்தால் சரி என்று இவள் அப்போதே முணுமுணுத்திருந்தாள்.

இன்று நாத்தனார் அவள் தலையை ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள். அந்தப் பரிவு அவளுக்குப் புதிது. கண் கலங்கிவிட்டது.

உள்ளே நர்ஸ் பாலை ஊசிக்குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாதே, உன் வேண்டுதல் வீண் போகாது" என்றாள் நாத்தனார். "நேத்து சாயங்காலம் போனேன், கரண்ட் இல்ல. கிண்ணத்துல எல்லாம் தண்ணியாகி, நீ வேண்டிக்கிட்டு வெச்ச காசு அடியில கிடந்துது. மனசு கேக்கல. எடுத்துத் துடைச்சு வெச்சுட்டு, இன்னிக்குக் காலையில நல்லா உறைஞ்சதும் பழையபடி நட்டநடுவுல வெச்சுட்டேன்."

அதற்குள் தாய் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைய ஆரம்பித்திருந்தாள்.