சைக்கிளில் எரிந்த பிளாஷ்

உதயரூபனிடம் பிடி வைத்த பழைய கமரா பிளாஷ் ஒன்று இருந்தது; பற்றரிதான் இல்லை. சோதனைச்சாவடி தாண்டிப் பழுகாமத்துக்குப் பற்றரி கொண்டுவர ஆமி விடவில்லை. விட்டுவிடுகிற ஆளா அவன்? இரவுக் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து பிளாஷுக்கு நீள வயர் இழுத்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினான்.

கமரா கூட்டாளி மஜீட்டின் கையில்.

"நான் மிதிக்கிறன் மச்சான், நீ அங்கால போ."

"உனக்கு விளங்காது. வேகம் கூடினா பிளாஷ் கருகிப்போயிரும். நீ பட்டனை மட்டும் அமத்து."

டைனமோவை அளந்து மிதிக்கத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவனுக்கு நினைப்பு.

மணப்பெண் தக்ஷாயினியின் தகப்பன் வந்து கூப்பிட்டார். "தம்பி, போதும், இறங்கி வாங்க."

"இன்னும் ரெண்டு படம் மாமா."

பெண் வீட்டார் முன்பு கடற்கரையில் இருந்தபோது அவர்கள் படங்களையெல்லாம் சுனாமி கொண்டுபோயிருந்தது. இந்த அல்பமாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று வியர்க்க வியர்க்க மிதித்தான். முப்பது தரத்துக்கு மேல் வெளிச்சம் பாய்ந்தது. தாலி கட்டிய நேரம் மட்டும் பிளாஷ் எரியவில்லை. அப்போது அவன் சைக்கிளில் இல்லை.

இரண்டு கிழமையில் அல்பம் வந்தது. தக்ஷாயினி கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்.

"எல்லாம் பளிச்செண்டுதான் இருக்கு. ஆனா எல்லாத்திலயும் எனக்குப் பக்கத்தில வெறுங்கதிரை. மாப்பிள்ளை எங்கயெண்டு கேட்டா என்னத்தச் சொல்ற?"

உதயரூபன் கறுப்பாய்க் கிடந்த ஒரே படத்தின் மேல் விரலை வைத்தான்.

"இஞ்ச பாருங்க, இதில தாலி கட்டிறது நான்தான்."