முந்திரித் தோப்போரம் ஓர் அடுப்பு

ஜெயங்கொண்டம் சாலையில், முந்திரித் தோப்போரமாக வேனை நிறுத்தினார் குருமூர்த்தி. அவர் மனைவி தேவயானி காஸ் அடுப்பை மரத்தடியில் இறக்கி, காலைக்கு உப்புமா கிளற ஆரம்பித்தாள்.

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தோப்புக்காரி சிந்தாமணி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். படுக்கை, பாத்திரம், கொடியில் சேலை.

"வேனுக்குள்ளயே வூடு! குடுத்து வச்சவங்கக்கா நீங்க. என் வூட்டுக்காரரு பக்கத்துல இருக்குற சோழபுரம் கோயிலுக்குக்கூட கூட்டிட்டுப் போனதில்ல. அடுத்து எந்த ஊரு?"

"பெரம்பலூரு. அப்புறம் தெரியலம்மா."

"புள்ளைங்க?"

"ஒரு பையன்."

அதற்குள், சாலையில் போன ஒருவன் உப்புமா வாசனைக்கு நின்றான். சடை பிடித்த தலை, கிழிந்த சட்டை. சிந்தாமணி குனிந்து கல்லை எடுத்தாள்.

"போடா அந்தாண்ட!"

"அடிக்காதம்மா!"

கத்திக்கொண்டே தேவயானி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள். குருமூர்த்தி அவன் முடியை விலக்கி, காதுக்குப் பின்னால் பார்த்தார். தேடிய தழும்பு அங்கே இல்லை. மனைவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அவள் தட்டில் உப்புமாவை வைத்தாள்.

"யாருக்கா இவன்?"

"தெரியலம்மா. எங்க திருமுருகனுக்குப் புத்தி பேதலிச்சுப் போயி, வூட்டை விட்டு எங்கயோ போயிட்டான். பசிச்சா எங்கயாவது இப்படி வாசனைக்கு வந்து நிப்பான்னுதான் ஊர் ஊரா அடுப்பு மூட்டுறோம்."

சிந்தாமணி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள்.

"அம்மா, இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினான் அவன்.

தேவயானி கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.