தொப்பிக்காரர் நின்ற இடம்

லண்டன் ரயிலுக்காகக் காலையில் மேடையில் நிற்கும் அந்த இங்கிலாந்துக் கிராமத்தார், ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்பதில்லை, பேசிக்கொள்வதும் இல்லை. மூடிக்கிடந்த பழைய டிக்கெட் ஜன்னலுக்கு மேல் ஓராள் நனையாமல் நிற்கிற அளவுக்கு ஒரு சின்னக் கூரை. அது பழுப்புத் தொப்பிக்காரரின் இடம். சில நாட்களாக அவரைக் காணவில்லை. இன்று மழை கொட்டியது. எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கூரைக்கடியில் ஒருவரும் போகவில்லை.

"அதில காய்ஞ்சு கிடக்கு, போய் நில்லுங்கோவன்," என்றாள் தர்மினி. அவளுக்கு இன்றுதான் வேலையில் முதல் நாள்.

"அது அவற்ற இடமப்பா," என்றான் கணவன் குகதாசன்.

"ஆர் அவர்? என்ன பேர்?"

இத்தனை வருடமாகியும் அவனுக்குத் தெரியவில்லை. அவள் விடுவிடென்று போய் நின்றுகொண்டாள். மேடையிலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"இஞ்ச வாரும்!" பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் அசையவில்லை.

அப்போது படியிறங்கி ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்தாள். கையில் அந்தப் பழுப்புத் தொப்பி.

"என் கணவரின் நண்பர்கள் நீங்கள்தானே?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "வீட்டில் கடைசி நாள்வரை உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்."

தர்மினி மழைக்குள் இறங்கி நின்றாள். ரயில் வந்து கதவுகள் திறந்தன. ஒருவரும் ஏறவில்லை.