சொம்புத் தண்ணீர்

காலை ஐந்தரைக்குப் பூரணி தைராய்டு மாத்திரையை விழுங்கியதும் சமையலறை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குக் காப்பி, பால் எதுவும் கிடையாது. கால்சியம் மாத்திரை டப்பா நான்கு மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். திருச்செங்கோட்டில் இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பதால் யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை.

ஆனாலும் ஆறு மாதமாக அவளுக்கு ஓயாத அசதி, சீப்பு நிறைய முடி. "மாத்திரை உங்கள் உடம்பில் சேரவில்லை. நாளை முதல் அளவைக் கூட்டுகிறேன்" என்றது சமையலறை. பூட்டு ஒருநாளும் தவறவில்லையே, அப்புறம் மாத்திரை எங்கேதான் போகிறது என்று பூரணிக்கு ஒரே யோசனை.

மறுநாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, கணவர் செங்கோடன் வழக்கம்போல் மொண்டு கொடுத்த சொம்பை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"ஏனுங்க, தண்ணியில என்னத்தைக் கலக்கறீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கால்சியம் பொடிதான். டப்பா திறக்கறப்ப நீ மறந்துபோயிடறே. படியில விழுந்தியே, அன்னையில இருந்து எனக்கு பயம் புள்ள."

"கால்சியம் கூடச் சேந்தா தைராய்டு மாத்திரை உடம்புல ஒட்டாதுங்க. எலும்பைக் காப்பாத்தறேன்னு என்னை மொட்டையாக்கப் பாத்தீங்களே."

"தண்ணீரையும் பூட்டட்டுமா? காலையில் ஐயாவை உள்ளே விடாமல் இருக்கட்டுமா?" என்று கேட்டது சமையலறை. செங்கோடன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"வேண்டாம். அளவையும் கூட்டாதே. இவரை நான் பாத்துக்கறேன்" என்ற பூரணி, சொம்பை அவரிடமே நீட்டினாள்.

"நல்லாக் கழுவிட்டு, வெறும் தண்ணி கொண்டாங்க."