ஈரத் தரை

"ஏம்மா, அந்த ஒரு கல்லையே எத்தனை வாட்டி தொடைப்ப? தேஞ்சுடப் போகுது" என்றார் வாட்ச்மேன்.

ஆயா நிமிரவில்லை. பெரிய மேடத்தின் அறை வாசலில் மாப்பை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒன்றாம் வகுப்புக்கு இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது.

டை கட்டிய அப்பா. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் அம்மா. இருவருக்கும் நடுவில், கால் தரைக்கு எட்டாமல் ஒரு சின்னப் பெண். புது வெள்ளை சாக்ஸ், இழுத்துப் பின்னிய ரெட்டைப் பின்னல்.

"கடைசி ஒரு சீட்டுதான் பாக்கியாம்." வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "காலைல ஒரு டிரைவர், பொண்டாட்டி புள்ளையோட வந்தாரு. புள்ள கிளி மாதிரி பேசுச்சு. என்ன பிரயோஜனம்? அப்பா என்ன வேலை, அம்மா என்ன படிப்புன்னு கேட்டாங்க. உக்காந்த சூடு ஆறல, வெளிய அனுப்பிட்டாங்க. இவங்களுக்கு அந்தக் கவலை இல்ல. ரெண்டு பேரும் பேங்க் ஆபீசராம்."

உள்ளே பெரிய மேடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சின்னப் பெண் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். வெளியே ஆயாவின் உதடுகள் ஓசையில்லாமல் கூடவே அசைந்தன.

வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "உனக்கே எல்லாப் பதிலும் மனப்பாடம் போல!"

"வருஷா வருஷம் இதே கேள்விதானண்ணே. காதுல விழுந்துட்டே இருக்கு."

"அப்ப நீயே போய் உக்காரு. சீட்டு உனக்குத்தான்."

"உக்காரலாம். மாப்ப எங்க வெக்கிறது?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கண் மட்டும் கதவை விட்டு நகரவில்லை.

"வீட்டுல உனக்கு யாரு பாடம் சொல்லித் தருவாங்க?" என்றார் பெரிய மேடம்.

"அம்மா."

"அம்மா என்ன வேலை பாக்கறாங்க?"

சின்னப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு காட்டன் புடவையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பேங்க்ல ஆபீசர்" என்றாள்.

பெரிய மேடம் அவளுடைய அப்பாவைப் பார்த்தார். "நாங்க சொல்லாம கொள்ளாம ஒருநாள் வீட்டுக்கும் வருவோம். பிள்ளை வளர்ற சூழ்நிலையப் பாக்கணும். இவ உங்க வீட்டுலதான இருப்பா? அங்க இங்க விட்டு வளக்க மாட்டீங்களே?"

"இனிமே எங்ககூடதான் மேடம். எங்கயும் விட மாட்டோம்."

ஆயாவின் கையில் மாப்பு நின்றுவிட்டது. வாளியில் அதை முக்கி, தேவைக்கு மேல் முறுக்கிப் பிழிந்தாள்.

"சரி, யோசிச்சு சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்தார் பெரிய மேடம். காலையில் வந்த டிரைவருக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்.

அப்பா முதலில் வெளியே வந்தார். ஈரத் தரையில் அவருடைய ஷூ பளிச்சென்று தடம் பதித்தது. அந்த அறையிலிருந்து வருகிறவர்கள் யாருமே தரையைப் பார்ப்பதில்லை. அவரவர் நெஞ்சு படபடப்பு அவரவருக்கு.

சின்னப் பெண் வாசல்படியில் நின்றுவிட்டாள். தரையைப் பார்த்தாள். சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டு, நுனிக்காலில், காய்ந்த ஓரமாகவே நடந்தாள்.

"நில்லு" என்றார் பெரிய மேடம்.

ஆயா வாளியைக் கால் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"ஏன் அப்படிப் போற?"

"தொடச்ச இடத்துல மிதிச்சா, திரும்பக் குனிஞ்சு தொடைக்கணும் மிஸ். இடுப்பு விட்டுப் போயிடும்."

டை கட்டியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பெரிய மேடம் குனிந்து சின்னப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். அப்படி அவர் செய்து வாட்ச்மேன்கூடப் பார்த்ததில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகூட இப்படி நடந்து நான் பாத்ததில்ல. படிச்ச வீடுன்னா இதுதான். சீட்டு இவளுக்குத்தான்." காட்டன் புடவைக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்லா வளத்திருக்கீங்க."

அவள் பார்வை தரையை விட்டு எழவில்லை. "அம்மா வளர்ப்பு மேடம்" என்றாள்.

"ஆயாவுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போ, கண்ணு" என்றார் பெரிய மேடம்.

"தேங்க் யூ ஆயா!"

தெருவில் போகிற யாரிடமோ சொல்வதுபோல அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். ஆயா தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட ஓடினார். ஆயா மெதுவாகக் குனிந்து ஷூ தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே படிக்கட்டுவரை வந்தாள்.

தடதடவென்று காலடிச் சத்தம். சின்னப் பெண் தனியாகத் திரும்பி ஓடி வந்தாள்.

"தண்ணி பாட்டில மறந்துட்டேன்!"

நாற்காலியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தவள், ஆயாவின் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. எக்கி, ஆயாவின் காதோடு வாயை வைத்தாள்.

"சித்தியத்தான் அம்மான்னு சொன்னேன்... சரியா சொன்னேனா, அம்மா?"